உங்கள் மூக்கோரத்தில் ஓர் எண்ணெய்ப்பிரியர்: தெரியுமா?

இந்த வரியை நீங்கள் படிக்கும் இதே நேரத்தில் உங்கள் மூக்கின் இரண்டு ஓரங்களிலும், புருவ முடிகளுக்கு இடையிலும், காதுக்குப் பின்னாலும், முதுகின் மேற்பகுதியிலும் ஈஸ்ட்டுகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. தெரியுமா? இப்போதுதானே குளித்தேன் என்கிறீர்களா? குளித்தாலும் இருக்கும். மயிர்க்கால்களின் வாய்க்குள் உட்கார்ந்திருப்பவற்றை எந்தச் சோப்பும் முழுசாகக் கிளப்பிவிட முடியாது. நோயாளிக்கும் உண்டு, பயில்வானுக்கும் உண்டு, பளபளவென்று விளம்பரத்தில் சிரிக்கும் நடிகைக்கும் உண்டு.

பெயர் மலசேசியா. பொடுகில் இதற்குப் பங்கு உண்டு. தேமலுக்குக் காரணமே இதுதான். ‘அடோபிக் டெர்மடைடிஸ்’ என்று டாக்டர்கள் சீட்டில் எழுதுகிற, நாம் எக்ஸிமா என்றும் கரப்பான் என்றும் சொல்லிக்கொள்கிற அந்தத் தீராத அரிப்பிலும் இதன் கை இருக்கிறது. ஆனால் அந்தக் கை எப்படி நீண்டது என்ற கதைதான் அதிசயம். எதிரி படையெடுத்து வந்த கதையல்ல அது. எல்லோர் முகத்திலும் சாதுவாக இருப்பது சிலரிடம் மட்டும் ஏன் சண்டைக்குக் காரணமாகிறது என்ற கதை.

முதலில் இந்த ஜந்துவைப் பற்றி. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ளத் தெரியாத பூஞ்சை இது! உயிர்கள் பெரும்பாலானவை, நீங்களும் நானும் உள்பட, சர்க்கரையிலிருந்து கொழுப்பு அமிலம் செய்துகொள்ளும். அதற்கான நொதி மலசேசியாவிடம் கிடையாது. 2007இல் மலசேசியா குளோபோசா என்ற இனத்தின் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது இது உறுதியானது. படித்தவர்கள் யார் தெரியுமா? ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். பொடுகு ஷாம்பு விற்பவர்களுக்குப் பொடுகுப் பூஞ்சை மேல் அக்கறை இருப்பதில் வியப்பில்லை. சுமார் 90 லட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 4,285 மரபணுக்கள். பூஞ்சைகளின் மிகச் சிறிய தொகுப்புகளில் இதுவும் ஒன்று. அந்தச் சின்னத் தொகுப்பில் கொழுப்பைச் செய்யும் மரபணு இல்லை. கொழுப்பை உடைக்கும் லைபேஸ் நொதிகளுக்கோ ஒரு பட்டாளமே இருக்கிறது. நம் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் கசியவிடுவதை உடைக்கும். அதில் வரும் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களைத் தின்னும். ஓலீயிக் அமிலம் மாதிரி நிறைவுறாதவற்றை அப்படியே விட்டுவிடும். அந்த மிச்சம்தான் சிலர் தலையில் பொடுகைக் கிளப்புகிறது. எல்லோர் தலையிலும் அல்ல. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் ஓலீயிக் அமிலத்தை நேராகத் தலையில் தடவிப் பார்த்தார்கள். பொடுகுக்காரர்களுக்குச் செதில் உதிர்ந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை!

இந்த ‘சிலருக்கு மட்டும்’ என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் பலமுறை வரும்.

கொழுப்பு செய்யத் தெரியாததை ஆய்வகத்தில் எப்படி வளர்ப்பது? பரிசோதனைத் தட்டின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றி! நிஜமாகத்தான். சாதாரணப் பூஞ்சைத் தட்டில் தோல் செதிலைத் தடவி, மேலே ஒரு படலம் ஆலிவ் எண்ணெய் விட்டால்தான் முளைக்கும். இன்னும் வசதி செய்து கொடுக்க வேண்டுமென்றால் மாட்டுப் பித்தநீரும் கொழுப்பு நீக்காத பாலும் கலந்த ஊட்டக் கலவைகள் இருக்கின்றன. இந்த எண்ணெய் மோகம் ஆபத்தான இடத்திலும் வெளிப்பட்டிருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தக் குழாய் வழியாகக் கொழுப்புக் கரைசல் ஏற்றுவார்கள் அல்லவா? அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு மலசேசியா ரத்தத்துக்குள்ளேயே போய்விட்ட நிகழ்வுகள் 1980களின் தொடக்கத்திலிருந்தே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

குழந்தை என்றதும் இன்னொன்று. பிறந்த சில நாட்களிலேயே இது தோலில் குடியேறிவிடுகிறது, தெரியுமா? அம்மாவிடமிருந்தும் தூக்கிக் கொஞ்சும் கைகளிலிருந்தும் வருகிறது. அம்மாவின் ஹார்மோன்களால் பச்சிளம் குழந்தையின் எண்ணெய்ச் சுரப்பிகள் கொஞ்ச காலம் சுறுசுறுப்பாக இருக்கும். அதனால் விருந்து தயார். பிறகு சுரப்பிகள் தூங்கிவிடும். பருவம் வந்து முகம் எண்ணெய் வடியத் தொடங்கும்போது இந்த ஈஸ்ட்டுக்கு மறுபடி திருவிழா. உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தார் 2013இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு வரைபடமே வெளியிட்டார்கள். ஆரோக்கியமான பெரியவர்கள் 10 பேர், உடம்பில் 14 இடங்கள். தலை, முகம், நெஞ்சு, முதுகு, கை எங்கு பார்த்தாலும் மலசேசியா ராஜ்ஜியம்தான். பாதத்தில் மட்டும் ஜனநாயகம்: குதிகாலில் சுமார் 80 வகைப் பூஞ்சைகள் கூடி வாழ்ந்தன!

சரி, ரொட்டியில் போடுகிற ஈஸ்ட்டும் இதுவும் ஒன்றா? இல்லவே இல்லை. பன் உப்புவதற்கும் உங்கள் முகத்துக்கும் சம்பந்தமில்லை. ரொட்டி ஈஸ்ட்டைவிடக் காளானுக்குத்தான் மலசேசியா நெருங்கிய சொந்தம். அதைவிட நெருங்கிய உறவு எது என்றால், சோளக் கதிரைக் கருப்பாக ஊதவைக்கும் கரிப்பூட்டைப் பூஞ்சை. பயிரைத் தின்கிற குடும்பத்திலிருந்து பிரிந்து வந்து தோலில் உட்கார்ந்துகொண்ட கிளை இது.

காண்டாமிருகம், கல்கத்தா, ஆழ்கடல்

பெயர் யாருடையது? லூயி-சார்ல் மலசே என்ற பிரெஞ்சு உடற்கூறு அறிஞருடையது. 1842இல் பிறந்து 1909இல் இறந்தவர். 1874இல் பொடுகுச் செதிலில் உருண்டையும் நீள்வட்டமுமான மொட்டுவிடும் உயிர்களைக் கண்டு விவரித்தார். அதற்கு முன்பே 1846இல் ஜெர்மனியில் ஐக்ஸ்டெட் என்பவர் தேமலில் பூஞ்சை இருப்பதைச் சொல்லியிருந்தார். ஆனாலும் 1889இல் பையோன் என்பவர் பெயர் வைத்தபோது மலசேவைத்தான் கௌரவித்தார். இந்த மலசேவை உங்கள் பல் டாக்டருக்கும் தெரியும்! பல் வேரைச் சுற்றி எஞ்சி நிற்கும் ஒருவகை உயிரணுக் கூட்டத்துக்கும் அவர் பெயர்தான். ரத்த அணுக்களை எண்ணும் கண்ணாடித் தட்டு ஒன்றுக்கும் அவர் பெயர். மனிதர் சும்மா இருக்கவே மாட்டார் போலிருக்கிறது.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1927இல் கல்கத்தாவில் தோல் மருத்துவர் கணபதி பாஞ்சா இந்த ஈஸ்ட்டை ஆராய்ந்து, அதுவரை வேறு வேறு பெயரில் கிடந்தவற்றை மலசேசியா என்ற ஒரே பேரினத்தின் கீழ் கொண்டுவந்தார். 2016இல் இந்தியாவில் கண்டெடுத்த ஒரு புதிய இனத்துக்குச் சண்டிகர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் பூஞ்சையியல் அறிஞர் அருணாலோக் சக்கரவர்த்தியின் பெயரைச் சூட்டினார்கள். இன்று ஏறத்தாழ 18 இனங்கள் தெரியும். மனிதரில், நாயில், பூனையில், ஆட்டில், முயலில், கிளியில், வௌவாலில்கூட! 1925இல் வைட்மன் என்பவர் ஓர் இனத்தைக் கண்டுபிடித்தது எதிலிருந்து தெரியுமா? தோல் உரிந்து அவதிப்பட்ட ஓர் இந்தியக் காண்டாமிருகத்திலிருந்து.

அந்தக் காண்டாமிருக இனம்தான் இன்று நாய்களின் காதில் சீழும் நாற்றமும் உண்டாக்குகிறது. நாய்க்கும் அடோபிக் டெர்மடைடிஸ் வரும். பாசெட் ஹவுண்ட், வெஸ்ட் ஹைலாண்ட் டெரியர் மாதிரி இனங்களில் இந்த ஈஸ்ட் தொல்லை அதிகம் என்று கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1998இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் வெளியிட்ட ஒரு துப்பறியும் கதை இது: பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த நாய் ஈஸ்ட் பரவியது. வார்டுக்குள் நாய் ஏது? தேடிப் போனால், அங்கே வேலை செய்தவர்கள் வீட்டில் வளர்த்த செல்ல நாய்கள்! அவர்களின் கை வழியே வந்திருக்கிறது. கை கழுவுவதை முடுக்கிவிட்ட பிறகு பரவல் நின்றது.

ஆழ்கடல் விஷயம் இன்னும் மேலே. மலசேசியாவுக்கு நெருங்கிய பூஞ்சைகளின் மரபணுத் தடயம் கடலடி வெந்நீர் ஊற்றுகளிலும், அண்டார்க்டிக் மண்ணிலும், பவளங்களிலும், கடற்பஞ்சுகளிலும் கிடைத்திருப்பதாக 2014இல் வந்த ஒரு கட்டுரை தொகுத்துச் சொன்னது. எண்ணெய் வடியும் முகமே இல்லாத அந்த இடங்களில் எதைத் தின்று பிழைக்கின்றனவோ!

தேமலில் ஒரு பாயசம்

தேமலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? குட்டையான இழைகளும் அவற்றுக்கு நடுவே உருண்டைகளுமாகத் தெரியும். மேல்நாட்டு டாக்டர்கள் தங்கள் ஊர் நூடுல்ஸ் பதார்த்தம் ஒன்றைச் சொல்லி இதை மாணவர்களுக்கு நினைவூட்டுவார்கள். நமக்கு அது எதற்கு? சேமியாவும் ஜவ்வரிசியும் போட்ட பாயசம் என்றால் ஒரே நொடியில் விளங்கிவிடும். உருண்டைதான் ஈஸ்ட்டின் வழக்கமான வடிவம். இழையாக நீளும்போதுதான் தேமல் படர்கிறது. தேமல் ஏன் வெளுக்கிறது என்று தேடியபோது, 1970களில் ரோம் நகர ஆய்வாளர்கள் இந்த ஈஸ்ட்டின் வளர்ப்பில் அசெலாயிக் அமிலத்தைக் கண்டார்கள். நிறமி உண்டாக்கும் நொதியை அது தடுக்கும். தேமலின் வெளுப்புக்கு முழுக் காரணம் அதுதானா என்பதில் இன்றும் வாதம் உண்டு. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பின் வழியாகப் பிறந்ததுதான் இன்று முகப்பருவுக்கும் கரும்படைக்கும் மருந்துக் கடையில் கொடுக்கிற அசெலாயிக் அமிலக் களிம்பு! படர் பூஞ்சையிலிருந்து பரு மருந்து.

கரப்பான் வீட்டுக்கு வருவோம்

அடோபிக் டெர்மடைடிஸ் உலகின் சில நாடுகளில் குழந்தைகளில் ஐந்தில் ஒருவர் வரை தொடுகிறது. முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து, கண்ணிமை என்று சிவந்து, வறண்டு, ராத்திரியெல்லாம் சொறியவைக்கும். ஆஸ்துமா, தும்மல் அலர்ஜி உள்ள குடும்பங்களில் அதிகம். நம் பக்கத்தில் கத்திரிக்காயையும் கருவாட்டையும் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கிவைத்த வீடுகள் ஏராளம். முகத்திலேயே உட்கார்ந்திருக்கிற ஈஸ்ட்டை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது ஒரு வரைபடத்தால். குழந்தைப் பருவம் தாண்டிய நோயாளிகள் சிலருக்கு மடிப்புகளைவிட முகம், நெற்றி, கழுத்து, மார்பின் மேல்பகுதி ஆகிய இடங்களில்தான் நோய் மூர்க்கமாக இருக்கும். பருவ வயதில் திடீரென்று மோசமாகும். எண்ணெய்ச் சுரப்பிகள் அடர்ந்த இடங்கள். எண்ணெய்ச் சுரப்பு கூடுகிற வயது. மலசேசியாவின் வரைபடமும் இதேதான்!

சரி, அப்படியானால் நோயாளிகளின் தோலில் இந்த ஈஸ்ட் கோடிக்கணக்கில் பெருகியிருக்க வேண்டும் இல்லையா? இங்கேதான் கதை திரும்புகிறது. சுவீடனில் 2005இல் நோயாளிகளின் தோலையும் ஆரோக்கியமானவர்களின் தோலையும் ஒத்தி எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். ஈஸ்ட் முளைத்த நோயாளிகளின் விகிதம், முளைத்த ஆரோக்கியமானவர்களின் விகிதத்தைவிடக் குறைவு! வறண்ட, எண்ணெய் குறைந்த தோலில் இதற்கு வாழ்வு கஷ்டம்தானே. ஆக, எண்ணிக்கை அல்ல பிரச்சினை. இனமும் ஓரளவு ஊருக்கு ஊர் மாறுகிறது: சுவீடனில் சிம்போடியாலிஸ், ஜப்பானில் குளோபோசாவும் ரெஸ்ட்ரிக்டாவும். டெர்மாடிஸ் என்ற இனத்தை 2002இல் ஜப்பானியர்கள் முதன்முதலில் பிரித்தெடுத்ததே அடோபிக் டெர்மடைடிஸ் நோயாளிகளின் தோலிலிருந்துதான்.

வித்தியாசம் ரத்தத்தில் இருக்கிறது. ஆரோக்கியமான மனிதரின் உடம்பும் மலசேசியாவை அறியும். ஐஜிஜி, ஐஜிஎம் வகை எதிர்ப்புப் பொருட்கள் இருக்கும். சாதாரண அறிமுகம், அவ்வளவுதான். நோயுள்ள பெரியவர்களில் பாதிப் பேர் அளவுக்கு, ஆய்வைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும், இந்த ஈஸ்ட்டுக்கு எதிராக ஐஜிஇ இருக்கிறது. ஐஜிஇ என்றால் தூசிக்கும் மகரந்தத்துக்கும் எதிராக உண்டாகிற அதே அலர்ஜி ஆயுதம். மற்றவர்களிடம் அது அரிது. முகம், கழுத்து என்று நோய் குடிகொண்டவர்களிடம் அதிகம். அந்த ஐஜிஇயை ஒரு ரத்தப் பரிசோதனையில் அளக்கவும் முடியும்.

ஏன் இவர்களுக்கு மட்டும்? பதிலில் பாதி தோலின் கட்டமைப்பில் இருக்கிறது. 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இர்வின் மக்லீன் குழுவினர் ஒரு மரபணுவைப் பிடித்தார்கள். ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கானது. அது குறைபட்டுப் பிறந்தவர்களுக்கு அடோபிக் டெர்மடைடிஸ் வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது என்று காட்டினார்கள். ஃபிலாக்ரின் தோலின் மேலடுக்கைக் கெட்டியாகக் கட்டுகிறது. பிறகு தானே சிதைந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் அமிலங்களாக மாறுகிறது. ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை உடையது, பிஎச் 5 சொச்சம். ஃபிலாக்ரின் குறைந்தால் அரண் ஓட்டையாகும், அமிலமும் குறையும்.

இப்போது ஸ்டாக்ஹோமுக்கு வாருங்கள். கரோலின்ஸ்கா நிறுவனத்தில் அன்னிகா ஷைனியஸ் குழு 2006இல் ஓர் எளிய கேள்வி கேட்டது: அமிலத்தன்மை மாறினால் ஈஸ்ட் என்ன செய்யும்? ஆரோக்கியமான தோலைப் போல 5.5ஐ ஒட்டிய பிஎச்சிலும், நோயுற்ற தோலைப் போல 6ஐ ஒட்டிய பிஎச்சிலும் சிம்போடியாலிஸை வளர்த்தார்கள். 6ஐ ஒட்டியதில் ஈஸ்ட் அலர்ஜிப் புரதங்களை அதிகமாக வெளியே கொட்டியது! அரை எண் வித்தியாசம்தான். நோயுற்ற தோல், தனக்கு ஆகாததை ஈஸ்ட்டிடமிருந்து தானே கேட்டு வாங்குகிறது என்றுகூடச் சொல்லலாம். நாம் குளிக்கும் சாதாரணக் கட்டிச் சோப்பின் பிஎச் 9, 10 என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளுக்குச் சோப்பைக் குறைக்கச் சொல்வதும், அமிலத்தன்மை கெடாத கழுவுநீர்மங்களைத் தோல் மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதும் வியாபாரத்துக்காக மட்டுமல்ல.

வியர்த்தால் அரிக்கும் என்று எக்ஸிமாக்காரர்கள் காலம் காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் ஓடியாடும் பிள்ளைகளுக்கு அது நரகம். 1980இல் ஹானிஃபின், ரய்கா என்ற இரு டாக்டர்கள் இந்த நோயை அடையாளம் காணப் பட்டியல் போட்டபோது ‘வியர்த்தால் அரிப்பு’ என்பதும் துணை அறிகுறிகளில் இடம்பெற்றது. காரணம்? உப்பு எரிகிறது, சூடு ஏறுகிறது என்று ஆளுக்கொரு விளக்கம். ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தார் விடவில்லை. மனித வியர்வையையே சேகரித்து, வடித்து, பிரித்து, நோயாளிகளின் ரத்த அணுக்களைச் சீண்டி ஹிஸ்டமின் என்ற அரிப்புப் பொருளைக் கக்கவைப்பது எது என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 2013இல் ஆள் அகப்பட்டது. வியர்வைச் சுரப்பியில் உருவான பொருளே அல்ல அது. தோலில் இருக்கும் மலசேசியா குளோபோசா வெளியிட்டு, வியர்வையில் கரைந்துபோன ஒரு புரதம்! எம்ஜிஎல் 1304 என்று எண் போட்டு அழைக்கிறார்கள். தன் வியர்வையே தனக்கு ஆகாது என்று சொன்ன நோயாளிகளைக் கேலி செய்தவர்கள் இப்போது என்ன சொல்வார்கள்? இந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நோயாளி சொன்னதை நம்பி, அதன் வேரைத் தேடிப் போன ஆராய்ச்சி.

அடுத்தது கொஞ்சம் திகில். மலசேசியாவின் அலர்ஜிப் புரதங்களில் சில, மனிதப் புரதங்களின் ஜாடையிலேயே இருக்கின்றன, தெரியுமா? தயோரெடாக்சின் என்று ஒன்று. மாங்கனீசு சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று இன்னொன்று. பூஞ்சையிலிருந்து மனிதர் வரை எல்லா உயிரணுக்களுக்கும் வேண்டிய அடிப்படைப் புரதங்கள், அதனால் பரிணாமத்தில் பெரிதாக மாறவில்லை. ஈஸ்ட்டின் புரதத்துக்கு எதிராகக் கற்றுக்கொண்ட எதிர்ப்பு அணுக்கள் சில நோயாளிகளில் அவர்களுடைய சொந்தப் புரதத்தையும் அடையாளம் கண்டு பாய்கின்றன. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸில் இதை 2005இலேயே காட்டினார்கள், தயோரெடாக்சினில் 2011இல். நோயாளியின் மேல் மனிதப் புரதத்தை வைத்துச் சோதித்தால் தோல் தடிக்கிறது! ஈஸ்ட்டை முற்றிலும் விரட்டினாலும் சிலருக்கு ஏன் அரிப்பு அடங்குவதில்லை என்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். அலர்ஜி எங்கே முடிகிறது, உடம்பு தன்னைத் தானே தாக்குவது எங்கே தொடங்குகிறது என்ற கோடு இங்கே அழிந்துவிடுகிறது.

இந்த ஈஸ்ட் நானோ அளவில் குமிழிகளையும் வெளியே அனுப்புகிறது. உள்ளே புரதம். 2011இல் கரோலின்ஸ்கா குழு இந்தக் குமிழிகளை மனித எதிர்ப்பு அணுக்களிடம் கொடுத்தது. நோயாளிகளின் அணுக்கள் ஆரோக்கியமானவர்களின் அணுக்களைவிட அதிகமாக அலர்ஜிச் சமிக்ஞையை எழுப்பின. மறுபடியும் சிலருக்கு மட்டும்!

சூரிச்சில் 2019இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. மலசேசியா தோலில் இருந்தால் இன்டர்லூக்கின் 17 என்ற தூதுப்பொருள் சுரக்கிறது. ஈஸ்ட்டை அளவுக்குள் வைத்திருக்க அது வேண்டும். ஆனால் ஒட்டுப் பட்டையால் தோலின் மேலடுக்கை உரித்து அரணைக் கெடுத்துவிட்டால், காவலுக்கு வந்த அதே இன்டர்லூக்கின் 17 அழற்சியைக் கூட்டுகிறது. மனித நோயாளிகளிலும் மலசேசியாவைக் குறிவைக்கும் இந்த வகை அணுக்கள் அதிகமாக இருந்தன.

நண்பனும் இவனே

இவ்வளவு படித்த பிறகு இந்த ஈஸ்ட்டைக் கூண்டோடு ஒழித்துவிட வேண்டும் என்று தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள். அடோபிக் டெர்மடைடிஸில் உண்மையான ரவுடி வேறு ஒருவர்: ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. நோய் பொங்கும்போது தோலில் இது பெருகி, ஒன்றோடொன்று ஒட்டிப் படலம் கட்டி, மருந்துக்கும் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். 2018இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் என்ன கண்டார்கள் தெரியுமா? மலசேசியா குளோபோசா சுரக்கும் ஒரு புரதம் வெட்டும் நொதி, இந்தப் பாக்டீரியாவின் முக்கியமான ஒட்டுப் புரதத்தை நறுக்கி, படலத்தையே குலைத்துவிடுகிறது! ஆய்வகக் குடுவையில் பார்த்ததுதான், முகத்தில் எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கேள்வி. ஆனாலும் அலர்ஜி உண்டாக்கும் அதே கை காவலும் காக்கிறது என்றால் ஒழித்துக்கட்டும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிவைக்கத்தானே வேண்டும்.

மருத்துவமும் இதே குழப்பத்தைச் சொல்கிறது. பூஞ்சைக்கொல்லி கொடுத்தால் நோய் தீருமா? 1995இல் சுவீடனில் தலை, கழுத்து நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் ஸ்டீராய்டு களிம்பு மட்டும். இன்னொரு பக்கம் ஸ்டீராய்டோடு பூஞ்சைக்கொல்லிக் களிம்பும் ஷாம்புவும். ஈஸ்ட் எண்ணிக்கை விழுந்தது. நோய்? இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்! ஆனால் மாத்திரையாகக் கொடுத்த வேறு சில ஆய்வுகளில், குறிப்பாக ஐஜிஇ உள்ளவர்களில், பலன் தெரிந்தது. கீட்டோகோனசோல் மாத்திரைக்கு ஈரல் ஆபத்து உண்டு என்று 2013இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கடிவாளம் போட்டுவிட்டன. களிம்பாகவும் ஷாம்பாகவும் அது தொடர்கிறது. எல்லோருக்கும் பூஞ்சைக்கொல்லி என்று இன்று யாரும் சொல்வதில்லை. முகம், கழுத்தில் மட்டும் முரண்டு பிடிக்கும் நோயாளிக்கு, ஐஜிஇயும் இருந்தால், முயன்று பார்க்கலாம் என்பதுதான் பல டாக்டர்களின் வழக்கம். கடையில் நீங்களே வாங்கித் தடவ இது ஆதாரமல்ல. ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாட்டிக்கும் ஒரே டியூபில் அடைத்து விற்கும் களிம்புகள் நம் ஊரில் தோலைக் கெடுத்த கதை தனி.

தேங்காய் எண்ணெய் தேய்க்கலாமா என்று கேட்காத தமிழர் உண்டா! கேள்வி நியாயமானதே. மலசேசியாவுக்குப் பிடித்த கொழுப்பு அமிலங்களின் வரிசையில் தேங்காயெண்ணெயின் லாரிக் அமிலமும் வருகிறது. காகிதக் கணக்கில் பார்த்தால் ஈஸ்ட்டுக்கு விருந்து. ஆனால் பிலிப்பைன்ஸில் 2008இல் அடோபிக் டெர்மடைடிஸ் நோயாளிகள் சிலருக்கு ஆலிவ் எண்ணெயும் மற்றவர்களுக்குத் தேங்காய் எண்ணெயும் தடவியபோது, ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அதிகமாகக் குறைந்தது தேங்காய் எண்ணெய்ப் பக்கம்தான். தலைக்கு என்றால், போபாலில் உள்ள ஆய்வாளர்கள் இந்தியப் பெண்களின் உச்சந்தலையை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு இருக்கிறது: தேங்காய் எண்ணெய் தேய்த்தவர்களின் தலையில் நல்ல நுண்ணுயிர்கள் செழித்தனவாம். அதில் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தாரும் கூட்டு என்பதையும் சேர்த்தே படியுங்கள். ஆலிவ் எண்ணெய்க்குத்தான் உண்மையில் நேரம் சரியில்லை. அது தோலின் அரணைக் குலைக்கிறது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை என்று இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். பச்சைக் குழந்தைக்கு ஆலிவ் எண்ணெய் தேய்ப்பது பெருமை என்று நினைப்பவர்கள் கவனிக்க.

புதிய மருந்துகளும் இந்த ஈஸ்ட்டைக் கதைக்குள் இழுத்துவந்திருக்கின்றன. 2017இல் அமெரிக்கா அனுமதித்த டூபிலுமாப் ஊசி, இன்டர்லூக்கின் 4, 13 என்ற இரண்டு அலர்ஜித் தூதர்களின் வாயை அடைக்கிறது. கை, கால், வயிறு எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும் நோயாளிகளில் சிலருக்கு முகமும் கழுத்தும் மட்டும் புதிதாகச் சிவந்தன. ஏன்? ஒரு பக்கம் அடைத்தால் எதிர்ப்பு மண்டலம் இன்டர்லூக்கின் 17 பக்கம் சாய்கிறது, அங்கே காத்திருக்கும் மலசேசியா அதைத் தூண்டிவிடுகிறது என்பது ஒரு ஊகம். அப்படிச் சிவந்தவர்களில் சிலருக்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையைக் கொடுத்தபோது முகம் தெளிந்ததாகப் பதிவுகள் உண்டு. எல்லோருக்கும் அல்ல.

கடைசியாக ஒன்று. இந்த ஈஸ்ட்டுக்கே காய்ச்சல் வரவைக்கும் ஆசாமிகள் இருக்கிறார்கள், தெரியுமா? 2020இல் இரண்டு தனித்தனிக் குழுக்கள் மலசேசியாவுக்குள் வாழும் வைரஸ்களைக் கண்டுபிடித்தன, ஒன்று ரெஸ்ட்ரிக்டாவில், மற்றது சிம்போடியாலிஸில். வைரஸ் உள்ள ஈஸ்ட்டையும் வைரஸ் இல்லாத ஈஸ்ட்டையும் எதிர்ப்பு அணுக்கள் ஒரே மாதிரி வரவேற்கவில்லை. அதே ஆண்டு இன்னொரு செய்தி: நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சமாளிக்க மலசேசியா பயன்படுத்தும் ஒரு மரபணு, அதன் மூதாதையருடையதே அல்ல, எப்போதோ ஒரு பாக்டீரியாவிடமிருந்து கைமாறி வந்தது! ஆக உங்கள் மூக்கோரத்தில் மனிதத் தோல், அதன்மேல் பூஞ்சை, பூஞ்சைக்குள் வைரஸ், பூஞ்சையின் மரபணுவில் பாக்டீரியாவின் துண்டு. எக்ஸிமா நோயாளிகளின் முகத்தில் இருக்கும் ஈஸ்ட்டில் எவ்வளவு பங்கு வைரஸ் பிடித்தது என்று எண்ணிப் பார்க்கும் வேலை ஆய்வாளர்களுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது.